வலிக்கிறது: ஏழு

பேச்சு நின்றுபோய்ப் படுக்கையில் கிடந்த என் அண்ணனுக்கு நாற்பது வார்த்தைகள் செய்து கொடுத்தவன் நான். மிச்ச வார்த்தைகளையும் கொண்டுவந்து தருகிறேன் என்று அவன் கையைப் பிடித்துச் சொன்னவனும் நான்தான். சொன்னபடி செய்தும் முடித்தேன். என்ன, கொஞ்சம் தாமதம். போன மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை முடித்தேன். அண்ணன் போய் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும், "அந்தக் காலத்துல நீங்க அவ்வளவு செஞ்சதே பெரிய விஷயம் சார்" என்று ஆறுதல் சொல்கிறார்கள். அந்த ஆறுதலைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது பெரியவன். துபாயில் எலக்ட்ரீஷியனாக இருந்தான். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா சீக்கிரமே போய்விட்டார். இருந்த கொஞ்ச நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அண்ணன் விமானம் ஏறினான். வீட்டில் அம்மா, அண்ணி, நான். அம்மாவும் போன பிறகு அண்ணியும் நானும்தான். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அண்ணன் லீவில் வந்தான். பெட்டியைத் திறந்து, போர்வைக்குள் சுற்றியிருந்த ஒரு பொருளை எடுத்து என் மடியில் வைத்தான். நோட்டுப் புத்தகம் அகலத்தில் ஒரு கறுப்புக் கம்ப்யூட்டர். ரப்பர் சாவிகள். டிவியில் செருகினால் படம் வரும். டேப் ரிக்கார்டரோடு ஒயர் கொடுத்து, கேசட்டிலிருந்து ப்ரோக்ராம் ஏற்ற வேண்டும்.

"கடைக்காரர் கூத்தாநல்லூர்க்காரர். என் தம்பி கம்ப்யூட்டர் படிக்கிறான் பாய், எதை வாங்கிக் கொடுத்தா பெரிய ஆளா வருவான்னு கேட்டேன். இதை எடுத்துக் கொடுத்தாரு" என்றான். பிறகு அண்ணியைப் பார்த்து, "வரலைன்னா இதைக் கொண்டுபோய் அவர்கிட்டேயே திருப்பிக் கொடுத்துடுவேன், சொல்லி வை" என்றான்.

அந்தப் பெட்டியால்தான் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. மின்சார மீட்டருக்குள் வைக்கிற சர்க்யூட் போர்டு செய்கிற சின்னக் கம்பெனி. அந்த போர்டில் இருந்த சிப்பும் எங்கள் வீட்டுக் கறுப்புப் பெட்டிக்குள் இருந்த சிப்பும் ஒன்றேதான், எட்டு பிட். அதற்கு நேரடியாக எழுதுவது பெரிய பாடு. அதனால் ஆபீசில் இருந்த பெரிய கம்ப்யூட்டரில் சி மொழியில் எழுதுவோம். கிராஸ் கம்பைலர் என்கிற மென்பொருள் அதைச் சின்னச் சிப்புக்குப் புரிகிற எண்களாக மாற்றித் தரும். சமையல் ஒரு வீட்டில், பந்தி இன்னொரு வீட்டில் என்கிற மாதிரி. பந்தி நடக்கிற வீட்டில் இலை எவ்வளவு சின்னது என்பதைச் சமைக்கிறவன் மறக்கக் கூடாது. அந்த வேலையில் முக்கால்வாசி அவ்வளவுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், அண்ணன் மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தான். தலையில் அடி. அங்கே ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் இருந்து, திருச்சியில் வந்து இறங்கியபோது ஸ்ட்ரெச்சரில்தான் இறங்கினான். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. இடது கையில் இரண்டு விரல்கள் அசைந்தன. நாக்கு அவன் சொன்னபடி கேட்கவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வரும். புத்தி துளிகூடக் கெடவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தால் ஆமாம். இரண்டு தடவை மூடினால் இல்லை. அதை வைத்துக்கொண்டுதான் அண்ணி எல்லாவற்றையும் சமாளித்தார். ஆனால் அண்ணி கேட்டால்தான் அவன் பதில் சொல்ல முடியும். அவனாக ஒன்றை ஆரம்பிக்க முடியாது. அண்ணி கொல்லையில் இருந்தால் கூப்பிட முடியாது. ஊரெல்லாம் கேட்கிற மாதிரிப் பேசுகிற ஆள், யாராவது வந்து கேட்கட்டும் என்று கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

பொங்கல் லீவில் போயிருந்தபோது, பரணில் இருந்த கறுப்புப் பெட்டியை இறக்கினேன். ஒரு விரலால் ஒரு சாவியை அழுத்தினால் திரையில் வார்த்தை ஒவ்வொன்றாக நகரும். வேண்டிய வார்த்தை வந்ததும் மற்ற விரலால் இன்னொரு சாவி. அந்த வார்த்தை திரை முழுக்கப் பெரிதாக வந்து, கொல்லை வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு பீப் சத்தம் வரும். இவ்வளவுதான் ப்ரோக்ராம்.

அந்தப் பெட்டிக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு வார்த்தையையும் புள்ளி புள்ளியாகப் படம் வரைந்துதான் கொடுக்க வேண்டும். படத்துக்கு நினைவகத்தில் இடம் வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்ததில் நாற்பது வார்த்தைக்கு மேல் இழுக்காது என்று தெரிந்தது. அண்ணி கணக்கு நோட்டில் கட்டங்களைப் பென்சிலால் நிரப்பிப் படம் போட்டார். "இந்த மூணு சுழி ண இருக்கே, குடும்பத்தோட வந்து உக்காந்துக்குது தம்பி. கொசுன்னு எழுதுறது எவ்வளவு சுளுவா இருக்கு" என்றார்.

எந்த நாற்பது என்று முடிவு செய்ய ஒரு நாள் முழுக்க ஆனது. அண்ணி சொல்லச் சொல்ல அண்ணன் கண்ணால் ஒத்துக்கொண்டான், தள்ளினான். தண்ணீர். கஞ்சி. கொசு. ஃபேன். ஜன்னலைத் திற. திருப்பிப் படுக்க வை. வலிக்கிறது. வேண்டாம். போதும். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்க அவனுக்கு ஒரு வார்த்தை வேண்டும் என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் பிடித்தது. நிலம் குத்தகையில் இருந்தாலும் அதைக் கேட்காமல் அவனுக்குப் பொழுது விடியாது. 'வந்ததா' என்று சுருக்கிப் போட்டோம். அண்ணியைக் கூப்பிடத் தனி வார்த்தை வேண்டாம், பீப் சத்தமே போதும் என்று விட்டோம். என்னைக் கூப்பிட ஒரு வார்த்தை வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் அங்கேயேதான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.

சென்னைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எழுதி, கம்பைல் செய்தேன். அதைக் கறுப்புப் பெட்டிக்குக் கொண்டுபோக அப்போது எனக்குத் தெரிந்த ஒரே வழி, எண்களைத் தாளில் அச்சடித்து எடுத்துப்போய், கையால் தட்டி ஏற்றி, கேசட்டில் பதிந்துகொள்வது. பதினோரு தாள். ஒவ்வொரு தாளிலும் நெருக்கி நெருக்கி எண்களும், நடுநடுவே ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்துகளும்.

அண்ணி படித்தார், நான் தட்டினேன். "சி டி... ரெண்டு ஒண்ணு... எஃப் இ... பூஜ்யம் பூஜ்யம்..." மூன்று நாள். தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். "ஜெபம் பண்றோம்னு நெனச்சுட்டுப் போறாங்க" என்றார் அண்ணி. அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி எட்டு என்று படித்ததை நான் மூன்று என்று தட்டினால் தொண்டையிலிருந்து சத்தம் வரும். இரண்டு தடவை அப்படிப் பிழை பிடித்தான். இரண்டாம் நாள் மத்தியானம் கரண்ட் போய், கேசட்டில் பதியாத இரண்டு தாள் அழிந்துபோனது. நான் ஸ்டூலை எட்டி உதைத்தேன். அண்ணி தாளைத் திருப்பி மறுபடி முதல் வரியில் விரல் வைத்துக்கொண்டு, "கரண்ட் வரட்டும் தம்பி. பேப்பர்ல இருக்கு, எங்க போயிடப்போவுது" என்றார்.

ஓடியது. நாற்பது வார்த்தையும் வந்தது. அண்ணன் விரல் சாவியில் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. முதலில் என்ன சொல்லப்போகிறான் என்று நானும் அண்ணியும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீரைத் தாண்டினான், கஞ்சியைத் தாண்டினான். 'போதும்' என்று வந்து பீப் அடித்தது. என்ன போதும் என்று புரியாமல் பார்த்தோம். அவன் அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று நாளாகப் படித்துப் படித்து அண்ணிக்குத் தொண்டை கட்டியிருந்தது. அண்ணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார், சிரித்தார். நானும்தான்.

அந்த வருடம்தான் எங்களைப் போன்றவர்களைக் கும்பல் கும்பலாக அமெரிக்காவுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் விசா வந்தது. போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னபோது உடனே கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தான். யோசிக்கவே இல்லை.

"அங்க போயி எழுத்து போட்டு ஒண்ணு செஞ்சு தர்றேண்ணே. அ, ஆ, க, ஙன்னு எல்லாம் வரும். ஒவ்வொண்ணா சேத்து நீ என்ன வேணும்னாலும் சொல்லலாம். மூணே மாசம். நானே கொண்டாந்து ஏத்திக் கொடுக்கிறேன்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

ஓர் அட்டையில் எழுத்துகளை எழுதி, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, கண்ணை மூடச் சொல்லியிருந்தாலே அவன் பேசியிருப்பான். கம்ப்யூட்டர் எதற்கு. ஆனால் எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை. தம்பி செய்து கொண்டுவருவான் என்று அவர்கள் இருந்தார்கள். நானும் அப்படியே இருந்தேன்.

கிளம்புவதற்கு முன்னால் ப்ரோக்ராமில் ஒன்றைச் சேர்த்தேன். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் இருக்கிறவனுக்குக் கெட்ட செய்தி எழுத மாட்டார்கள். ஊரில் பாதி வீட்டில் யாராவது ஒருத்தர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். எல்லா வீட்டுக் கடிதமும் 'இங்கு அனைவரும் நலம்'தான். அண்ணன் துபாயில் இருந்தபோது அம்மா இறந்ததையே காரியம் முடிந்த பிறகுதான் அவனுக்கு எழுதினோம். எழுதியவன் நான். அதனால் எனக்கு என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொரு வார்த்தையையும் அண்ணன் எத்தனை தடவை அழுத்துகிறான் என்று பெட்டியே எண்ணிக்கொள்கிற மாதிரி செய்தேன். மாலையில் அணைப்பதற்கு முன் எண்ணிக்கையோடு சேர்த்துக் கேசட்டில் பதிந்துகொள்ள வேண்டும். மாதக் கடைசியில் ஒரு சாவியை அழுத்தினால் நாற்பது வார்த்தையும் எண்ணோடு திரையில் வரும். அதைப் பார்த்து எனக்கு எழுதிவிட்டு அழித்துவிடும்படி அண்ணியிடம் சொன்னேன்.

"மனுசங்க நலம்னு எழுதலாம். நம்பர் பொய் சொல்லாதுல்ல. அங்க உக்காந்தே நீ எப்படி இருக்கேன்னு எனக்குத் தெரிஞ்சுடும்" என்று அண்ணனிடமும் சொன்னேன். கண்ணை ஒரு தடவை மூடினான்.

கலிபோர்னியாவில் என்னை ஒரு பெரிய வங்கியின் வேலையில் போட்டார்கள். அறை அளவு கம்ப்யூட்டர்கள். சின்னச் சிப்புக்கான கிராஸ் கம்பைலர் அங்கே யாரிடமும் இல்லை. பழைய கம்பெனிக்கு எழுதியிருந்தால் அனுப்பியிருப்பார்கள். அடுத்த வாரம் எழுதலாம் என்று எத்தனை வாரம் நினைத்தேனோ. மூன்று மாதம் ஐந்தானது.

அண்ணியின் கடிதம் மாதம் தவறாமல் வந்தது. முதல் பாதி நலம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நடவு ஆகிறது, உங்கள் அண்ணன் நன்றாகச் சாப்பிடுகிறார். இரண்டாம் பாதியில் நாற்பது வார்த்தையும் நாற்பது எண்ணும். நான் முதல் பாதியைப் படிக்கவே மாட்டேன். நேராக வலிக்கிறது என்ற வரிக்குத்தான் போவேன். முதல் மாதம் நாற்பத்தொன்று. இரண்டாம் மாதம் தொண்ணூற்றாறு. மூன்றாம் மாதம் நூற்று எண்பத்தெட்டு.

நூற்று எண்பத்தெட்டைப் பார்த்ததும் ஊர்க் கடைத்தெரு எஸ்டிடி பூத்துக்கு ஃபோன் செய்து, அண்ணியை அழைத்து வரச் சொன்னேன். "தஞ்சாவூர் போய் வேற டாக்டரைப் பாருங்க அண்ணி" என்று கத்தினேன். "பாத்துட்டோம் தம்பி. மாத்திரை மாத்திக் கொடுத்திருக்காரு. எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றார். பூத்தில் பத்துப் பேர் நிற்கும்போது வேறு என்ன சொல்வார்கள். நான் மேனேஜரிடம் சண்டை போட்டு மூன்று வார லீவு வாங்கினேன். டிக்கெட்டும் எடுத்தேன். வீட்டுக்குச் சொல்லவில்லை. கடைசி நேரத்தில் லீவு இல்லை என்று சொல்லிவிட்டால் அண்ணன் ஏமாந்துபோவான் என்று சொல்லவில்லை.

கிளம்புவதற்குப் பத்து நாள் இருக்கும்போது அடுத்த கடிதம் வந்தது. வலிக்கிறது: ஏழு.

நான் அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன். அண்ணி ஏழு என்று எண்ணிலும் எழுதி, பக்கத்தில் எழுத்திலும் எழுதியிருந்தார். அறையில் கூட இருந்தவர்களிடம், "புது மாத்திரை கேட்டுடுச்சுடா. எங்கண்ணனுக்கு வலி போயிடுச்சு" என்று சொல்லி எல்லோரையும் வெளியே கூட்டிப்போய் விருந்து வைத்தேன். வங்கி வேலை முடிய இரண்டு மாதம் இருந்தது. முடித்துவிட்டு, எழுத்து ப்ரோக்ராமையும் செய்து எடுத்துக்கொண்டு நிதானமாகப் போகலாம் என்று டிக்கெட்டை ரத்து செய்தேன். அடுத்த மாதம் வலிக்கிறது: பூஜ்யம். அதற்கடுத்த மாதமும் பூஜ்யம். அடைமழையில் காய்ச்சல் கண்டு, நெஞ்சில் சளி கட்டி, நாலே நாளில் அண்ணன் போய்விட்டான். இந்தத் தடவை காரியத்துக்கு முன்பே எனக்குச் சொன்னார்கள். இருந்தும் நான் பத்தாம் நாள்தான் வந்து சேர்ந்தேன்.

என்னை நானே தேற்றிக்கொள்ள என்னிடம் ஒன்று இருந்தது. கடைசி மூன்று மாதம் வலி இல்லாமல் இருந்தான் என்பது. மனிதர்கள் சொன்ன ஆறுதல் இல்லை, எண் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டே இத்தனை வருடத்தை ஓட்டினேன். கல்யாணம், பிள்ளைகள், வீடு, பிறகு வேலையை விட்டுச் சென்னைக்கே திரும்பி வந்தது எல்லாம் ஆயிற்று.

இப்போது இந்தப் பழைய எட்டு பிட் பெட்டிகளுக்கு உலகம் முழுக்கப் பைத்தியங்கள் இருக்கிறார்கள். அவர்கள் புண்ணியத்தில் கிராஸ் கம்பைலர் இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது. மடிக்கணினியில் எழுதி, கம்பைல் செய்து, வருகிற எண்களைச் சத்தமாக மாற்றி, இயர்ஃபோன் ஒயர் வழியாகப் பெட்டியின் கேசட் துளைக்குள் ஊதிவிடலாம். தாள் வேண்டாம், படிக்க ஆள் வேண்டாம். போன மாசியில் ஒரு நாள், என் பழைய சூட்கேஸின் அடியில் கிடந்த அந்தப் பழைய சி ப்ரோக்ராமின் அச்சுத் தாள் கையில் அகப்பட்டது. எழுத்துகளைச் சேர்த்துப் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

இரண்டாம் நாள் அந்த வரியைப் பார்த்தேன். வார்த்தைகளை எண்ணுகிற இடத்தில், ஒரு வார்த்தைக்கு ஒரே ஒரு பைட் ஒதுக்கியிருந்தேன். ஒரு பைட்டுக்குள் இருநூற்று ஐம்பத்தைந்து வரைதான் எண்ண முடியும். அதற்கு மேல் ஒரு தடவை அழுத்தினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். பழைய ஸ்கூட்டர் மீட்டரில் எல்லா ஒன்பதும் தீர்ந்தால் பூஜ்யத்துக்கு வருமே, அப்படி.

நாற்பத்தொன்று, தொண்ணூற்றாறு, நூற்று எண்பத்தெட்டு, ஏழு. மீட்டர் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தவன் நான். இப்படி ஏறிக்கொண்டே வந்து சட்டென்று விழுந்தால் மீட்டர் சுற்றிவிட்டது என்று பையன்களுக்குப் பாடம் எடுத்தவன். அந்த ஏழு ஏழே இல்லை. இருநூற்று அறுபத்து மூன்றாக இருக்கலாம். ஐந்நூற்றுப் பத்தொன்பதாக இருக்கலாம். அதற்கு மேலும் இருக்கலாம். ஒரு வார்த்தைக்கு இரண்டு பைட் கொடுக்க இடம் இருந்ததா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருந்தது. தாராளமாக இருந்தது. ஆபீசில் பைட் பைட்டாக மிச்சம் பிடித்துப் பழகிய கை, அவன் விஷயத்திலும் மிச்சம் பிடித்திருக்கிறது.

எழுத்து ப்ரோக்ராமை மூன்றாம் நாள் முடித்தேன். அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். போகிற வழியில் தஞ்சாவூரில் ஒரு ரிப்பேர் கடையில் பழைய டிவி ஒன்று வாங்கிக்கொண்டேன். அண்ணி அந்த வீட்டில்தான் தனியாக இருக்கிறார். முட்டி தேய்ந்துவிட்டது, மற்றபடி நடமாட்டம்தான். கறுப்புப் பெட்டியைப் பழைய சேலையில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, பீரோவில் வைத்திருந்தார். ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

பட்டப்பகலில், கட்டில் கிடந்த அதே இடத்தில் ஸ்டூலைப் போட்டு, எல்லாவற்றையும் இணைத்தேன். பெட்டிக்கு உயிர் இருந்தது. மடிக்கணினியிலிருந்து ப்ரோக்ராம் கிறீச்சென்று ஏற ஆரம்பித்ததும், அடுக்களையில் இருந்த அண்ணி ஈரக் கையோடு வந்து நின்றுகொண்டார். அந்த நாளில் தினமும் காலையில் கேசட்டிலிருந்து ஏற்றும்போது அந்தச் சத்தத்தைக் கேட்டவர். இரைச்சல் நின்றது. திரையில் அ, ஆ, இ என்று வரிசையாக வந்தது. முதல் எழுத்து மின்னியது.

"எழுத்து போட்டுட்டீங்களா" என்றார்.

"ஆமாம் அண்ணி."

"எத்தனை நாள் ஆச்சு தம்பி இதைச் செய்ய?"

பொய் சொல்லியிருக்கலாம். "மூணு நாள்" என்றேன். அண்ணி ஸ்டூல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு அதை உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை. பைட்டைப் பற்றிச் சொன்னேன். ஏழு என்று நீங்கள் எழுதியது ஏழு இல்லை, அண்ணன் அந்த மாதம் வலியில் துடித்திருக்கிறான், எண்ணை நம்பி நான் வராமல் இருந்துவிட்டேன் என்று சொன்னேன்.

அண்ணி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "வலி இல்ல தம்பி" என்றார். "தஞ்சாவூர் டாக்டர் கொடுத்த மாத்திரையில வலி நெசமாவே விட்டுருச்சு."

"அப்ப ஏன் அவ்வளவு தடவை அழுத்தினான்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். விடிஞ்சு பொட்டியைப் போட்டா சாயங்காலம் வரைக்கும் அதே வார்த்தைதான். பீப்பு, பீப்புன்னு. நான் பதறிப்போயி ஒவ்வொரு எடமா தொட்டுத் தொட்டு, இங்கயா, இங்கயான்னு கேக்குறேன். எல்லாத்துக்கும் இல்லைன்னுதான் கண்ணை மூடுறாங்க. வலியே இல்லையான்னா, இல்லைங்கிறாங்க. பின்ன என்னத்துக்கு அழுத்துறீங்கன்னா சிரிக்கிறாங்க. மறுநாளும் அதே கதை. அப்புறந்தான் எனக்கு வெளங்குச்சு. தம்பிக்கு நம்பர் போவணும்னுதான் அழுத்துறீங்களான்னு கேட்டேன். ஒரு தடவை கண்ணை மூடுனாங்க."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது அண்ணி தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

"உங்களைப் பாக்கணும்னு அவங்களுக்கு. வாடான்னு சொல்ல வார்த்தை இல்ல. நான் எழுதட்டுமான்னு கேட்டதுக்கு வேண்டாம்னு அழுத்துனாங்க. கூப்புட்டா வேலை கெட்டுடும், தானா நம்பரைப் பாத்து வந்தா வரட்டும்னு இருந்தாங்க. அந்த மாசம் முச்சூடும் உங்களைத்தான் கூப்புட்டாங்க தம்பி. மாசக் கடைசியில ரெண்டு பேரும் ஆசையா அந்தப் பக்கத்தைத் தொறந்தோம். ஏழுன்னு இருந்துச்சு."

"தப்பா இருக்குன்னு எனக்கு எழுதியிருக்கலாமே அண்ணி."

"நெனச்சேன். ஆனா நீங்க செஞ்சதுல தப்பு இருக்கும்னு எங்க ரெண்டு பேருக்குமே தோணலை. நம்பர் பொய் சொல்லாதுன்னீங்களே, வலிக்காம அழுத்துனதை எல்லாம் பொட்டியே கண்டுபிடிச்சுக் கழிச்சுடுச்சுன்னு நெனச்சுக்கிட்டோம். உங்கண்ணன் அந்த நம்பரையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் அந்த வார்த்தைக்கே போவலை. அடுத்த மாசமும் போவலை."

நான் ரத்து செய்த டிக்கெட்டைப் பற்றி அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னேன். நூற்று எண்பத்தெட்டைப் பார்த்ததுமே டிக்கெட் எடுத்துவிட்டதை, ஏழு வந்ததும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டதை. ஏமாந்துபோவீர்கள் என்று சொல்லாமல் வைத்திருந்ததை.

அண்ணி திரும்பித் திரையைப் பார்த்தார். அ இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.

"டிக்கெட் போட்டிருந்தீங்களா" என்றார். "அதை ஒரு வார்த்தை அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே தம்பி. நீங்க வரலைன்னாலும் பரவாயில்ல. கூப்புட்டது உங்களுக்குக் கேட்டுச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டாவது போயிருப்பாங்க."